வியூஃபைண்டரில் ஏழு புள்ளி

முந்தாநாள் உங்கள் போட்டோகிராஃபர் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். புதுக் கேமரா. பெட்டியைப் பிரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, வியூஃபைண்டருக்குள் ஒரு தூசி. அந்தத் தூசியைச் செல்போனில் படம் பிடித்து, அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, "அண்ணா, சோறு எறங்கல" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நாற்பது பதில். ஒருவர் பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டச் சொல்கிறார். ஒருவர் வேக்குவம் கிளீனரை வாயில் வைக்கச் சொல்கிறார், கேமராவின் வாயில்தான். ஒரு மேதாவி பெட்டி பிரித்த வீடியோ இருந்தால் கேஸ் போடலாம் என்கிறார். நாற்பது பேரில் ஒரு ஆள்கூட "படத்தில் வருகிறதா?" என்று கேட்கவில்லை.

வராது. வியூஃபைண்டரில் இருக்கிற தூசி படத்தில் விழாது. நீங்கள் எட்டிப் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் போய் விழுகிற இடம் வேறு. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் சுத்தமாக இருந்தால் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பிழைப்பைப் பாருங்கள். இதற்கு நாற்பது பேர் மாநாடு கூட்ட வேண்டியதில்லை.

அதுவும் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தூசிக்கு அழுகிறீர்கள்? ட்யூப்லைட்டுக்குப் பஞ்சுத் தாடி முளைக்கிற திருப்பூர் இது. பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓடுகிற சந்தில் ஒரு டீ வாங்கி வைத்துவிட்டு போன் பேசினால், பேசி முடிப்பதற்குள் டீயின் மேல் பஞ்சு படிந்துவிடும். எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்போம். அந்த டீயைக் குடிக்கிற வாய்தான் கேமராவுக்குள் ஒரு தூசியைப் பார்த்ததும் ஐயோ அப்பா என்கிறது.

சரி, ரொம்பவும் ஏசவில்லை. நானும் அழுதவன்தான். உங்களைவிடக் கேவலமாக அழுதவன். குழுவில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து "சீனியர் நாலு அனுபவம் எழுதுங்க" என்று கேட்டீர்கள். நாலெல்லாம் கிடையாது. ஒன்று எழுதுகிறேன். அதையும் பாராட்டுக்காக எழுதவில்லை என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

நான் இந்த ஊரில் முப்பத்தோரு வருடம் துணியைப் படம் எடுத்தேன். கல்யாணம், காதுகுத்து, சீர் எதுவும் கிடையாது. பனியன், ஜட்டி, டீ ஷர்ட், குழந்தை உடுப்பு. பொம்மைக்கு மாட்டி, முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போலக் காட்டுகிற வேலை. படம் வந்த பிறகு கம்ப்யூட்டரில் நூல் பிசிறை அழிப்போம், மடிப்பை அழிப்போம், அழுக்கை அழிப்போம். துணியைவிடத் துணியின் படம் அழகாக இருக்கும். இதற்குப் பெயர் கேட்லாக். முப்பத்தோரு வருடம் இப்படி அழித்து அழித்தே என் கைக்கு ஒரு புத்தி வந்துவிட்டது. புள்ளி தெரிந்தால் கை தானாகப் போய் அழித்துவிடும். மண்டையைக் கேட்காது.

ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு நல்ல கேமரா வாங்கினேன். அதுவரை வைத்திருந்ததெல்லாம் அடுத்தவர் கையில் தேய்ந்து வந்த பழையது. வாங்கிய மூன்றாம் நாள் கண்ணை வைத்துப் பார்க்கிறேன், வலது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. லென்ஸை மாற்றினேன், அங்கேயே இருந்தது. ஊதினேன், அங்கேயே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, "ஒண்ணும் தெரியலீங்களே" என்றாள். அவளோடு ஒரு பொழுது முழுக்கப் பேசவில்லை. இப்படியும் ஒரு மனுஷன்.

மறுநாள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்ட்டரில் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். நான் திருப்பூரில் துணியைப் படம் எடுக்கிறவன் என்று சொல்லி, கேமராவைத் துண்டில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல நீட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"படத்துல வருதுங்களா?"

"படத்துல வரலீங்க. ஆனா பாக்கறப்ப தெரியுது."

"படத்துல வரலீன்னா அப்பறம் எதுக்குங்க அதையே பாக்கறீங்க? துணியப் பாருங்க."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பாடம் அந்த இரண்டு வரிதான். அவள் பெயர்கூடத் தெரியாது. பாடத்தை வாங்கிக்கொண்டு வந்தேனா? எங்கே. நேற்று வந்த பொடிசு எனக்குச் சொல்கிறதா என்று பஸ் முழுக்கப் பொருமிக்கொண்டே வந்தேன். அவிநாசி தாண்டும்போது நானே சுத்தம் செய்துவிடுவது என்று முடிவும் கட்டிவிட்டேன்.

இங்கேதான் நம் ஊர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய கிறுக்குத்தனம் ஒன்றைச் செய்தேன். அந்த வாரம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே தைத்த துணியில் குறை தேடுகிற செக்கிங் செக்‌ஷனில் மேஜைக்கு மேஜை ஏர் கன் தொங்கும், உங்களுக்குத் தெரியும். கம்ப்ரஸரிலிருந்து ட்யூப்பில் காற்று வரும். தைத்து வந்த துணியில் ஒட்டியிருக்கிற பஞ்சையும் நூல் துணுக்கையும் அதை வைத்து ஊதித் தள்ளுவார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஞானம் பிறந்தது. டீ ஷர்ட்டில் இருக்கிற பஞ்சையே பறக்கடிக்கிற காற்று, கேமராவில் இருக்கிற ஒரு புள்ளியைப் பறக்கடிக்காதா?

லென்ஸைக் கழற்றினேன். அந்த மேஜையில் நின்றிருந்த செக்கர் எஸ்தர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டவர். அந்தக் கம்பெனியில் அவர் பார்த்து விட்ட துணி திரும்பி வராது என்று பெயர். அவர் என் கையைப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"அண்ணே, அது துணிக்குள்ளது. அதுல எண்ணெயும் தண்ணியும் சேந்து வரும். காலம்பற நாங்களே மொதல்ல தரையில அடிச்சிப் பாத்துட்டுத்தான் துணியில அடிப்போம்."

"நீ துணியப் பாரும்மா. கேமரா என்ர வேலை."

அடித்தேன். ஒரு புள்ளி ஏழு புள்ளி ஆனது. இடது மூலையில் ஆவி படிந்தது போல ஒரு மங்கல் வேறு. எஸ்தர் குனிந்து துணியைப் பார்க்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பவும் கோயம்புத்தூர் போய் அந்தப் பெண்ணின் முன்னால் நிற்க வெட்கம். அப்படியே வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் ஏழு புள்ளியும் பழகிவிட்டது. வியூஃபைண்டரில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் "நம்முடையதுதான்" என்று கண் தள்ளிவிட்டுப் போகும். அந்தக் காற்று, படம் போய் விழுகிற சென்சாரிலும் கொஞ்சம் அழுக்கை ஏற்றியிருந்தது. அது படத்தில் வரும். ஒவ்வொரு படத்திலும் அதை அழித்துக்கொண்டிருந்தேன். ஆக, பார்க்கும்போது புள்ளியைக் கண்டுகொள்வதில்லை, படத்தில் வந்தால் அழித்துவிடுவது. இதுதான் என் தொழில்நுட்பம். இந்த லட்சணத்தில் என்னைச் சீனியர் என்கிறீர்கள்.

அதே கம்பெனியில் அடுத்த வருடம் ஒரு வெள்ளைக் குழந்தை உடுப்பு ஆர்டர் ஓடியது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற சின்னச் சின்னச் சட்டை, பால் வெள்ளை. பேக்கிங்குக்குப் போகிற சமயத்தில் எஸ்தர் அந்த லாட்டை, அதாவது மொத்தச் சரக்கையும், நிறுத்திவிட்டார். பத்துக்கு மூன்று சட்டையில் கறுப்புத் துகள் இருக்கிறது என்றார். துணியை நிட்டிங்கில் ஓட்டிய இடத்தில் பக்கத்து மெஷினில் கறுப்பு நூல் ஓடியிருக்கிறது. அதிலிருந்து பறந்த பஞ்சு வெள்ளை நூலோடு சேர்ந்து பின்னிக்கொண்டு துணிக்குள்ளேயே போய்விட்டது. மேலே ஒட்டியிருந்தால் ஊதினால் போய்விடும். உள்ளே பின்னியிருந்தால் சட்டை இருக்கும் வரைக்கும் அதுவும் இருக்கும். புள்ளி இருக்கிற இடத்திலெல்லாம் எஸ்தர் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கி வைத்துவிட்டார்.

குவாலிட்டி மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. மேலோட்டமான பஞ்சு, ஊதிவிட்டுக் கட்டுங்கள் என்றார். அவருக்கு அவர் அவசரம். கன்டெய்னர் மறுநாள் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். எஸ்தர் மசியவில்லை. ஒன்றரை நாள் இழுபறி. கடைசியில் வாங்குகிறவர்களின் உள்ளூர் ஆபீஸில் ஒரு வழி சொன்னார்கள். நேரில் வர ஆள் இல்லை, சந்தேகப்பட்ட சட்டையில் பன்னிரண்டை நல்ல போட்டோகிராஃபரை வைத்து நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்று.

நல்ல போட்டோகிராஃபர் வந்து சேர்ந்தேன். மேஜையில் பன்னிரண்டு சட்டை, எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர். நான் சொன்ன முதல் வார்த்தை, "ஸ்டிக்கரெல்லாம் எடுத்துப்போடுங்க. படம் அசிங்கமா இருக்கும்."

மேனேஜர் சொல்லவில்லை, கண்ணுகளா. முதலாளி சொல்லவில்லை. நான் சொன்னேன். கேட்லாக் புத்தி.

எஸ்தர், "அண்ணே, அத எடுத்துட்டா எங்க இருக்குன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"கேமராவுக்குத் தெரியும்மா" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

ஸ்டிக்கரை அவரே ஒவ்வொன்றாக நகத்தால் உரித்து எடுத்தார். நான் எடுத்தேன், பன்னிரண்டு சட்டை, முன்னும் பின்னும். வியூஃபைண்டரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நம்முடையதுதான். மீட்டிங் ரூமில் லேப்டாப்பைத் திறந்து படங்களைப் போட்டேன். அதிலும் புள்ளி தெரிந்தது. சென்சார் அழுக்கு என்று கை போனது. இருபத்து நாலு படத்தையும் அரை மணி நேரத்தில் பளிங்கு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "அருமைங்க" என்றார். அருமையாகத்தான் இருந்தது. அப்படி ஒரு வெள்ளை இந்த ஊரில் எந்தப் பட்டறையிலும் வெளுத்து வராது.

ஒரே ஒரு நொடி போதும், அடுத்தடுத்த இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். கேமரா அழுக்கு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். துணியில் இருப்பது சட்டைக்குச் சட்டை இடம் மாறும். புள்ளி நகர்ந்ததா, நின்றதா, அவ்வளவுதான் கேள்வி. கேமராவைக் கையில் எடுத்த முதல் வருடத்தில் தெரிந்துகொள்கிற சங்கதி இது. இருபத்தைந்தாவது வருடத்தில் எனக்கு மறந்துபோனது. மறக்கவும் இல்லை, கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

படம் போன ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. துணி சுத்தமாக இருக்கிறது, ஏற்றுங்கள். மூன்றரை மணிக்குக் கீழே லாரியில் பெட்டி ஏற ஆரம்பித்தது.

நான் லைட்டுகளைக் கழற்றி மடக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் எஸ்தரைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசியது காதில் விழுந்தது. அவர் கத்தவில்லை. நம் பக்கத்தில் ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் அனுப்புவோம்.

"ஒண்ணரை நாள் லாட்ட நிறுத்தீட்டீங்க. படம் எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணுமே இல்லீங்க. கண்ணு செரியா தெரியலீன்னா சொல்லிப்போடோணுங்க. செக்கிங்குல கண்ணுதானுங்க எல்லாம். கணக்க முடிச்சுக்குங்க, நாளைக்கிருந்து வர வேண்டாமுங்க."

வேலை போவது ஒரு பக்கம். உங்களில் சில பேருக்கு இது புரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். செக்கருக்குக் கண் போய்விட்டது என்று ஒரு கம்பெனியில் சொன்னால், அடுத்த கம்பெனிக்கு அவர் நடந்து போவதற்கு முன்னால் அந்தச் சேதி போய்விடும். டெய்லருக்கு மெஷின் இருக்கிறது, கட்டிங் மாஸ்டருக்குக் கத்தி இருக்கிறது. செக்கருக்கு அந்த இரண்டு கண்ணை விட்டால் வேறு கருவி கிடையாது. எஸ்தரின் கணவர் சாயப்பட்டறை வேலையில் மூச்சிழுப்பு வந்து வீட்டோடு இருந்தார். பெரிய பெண் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எஸ்தர் அழவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, அந்தப் படத்த நான் ஒரு தடவ பாக்கலாமா?"

பெருமையாகத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சட்டைல கழுத்துப் பட்டிக்கு ரெண்டு விரக்கட கீழ ஒண்ணு உண்டு. இங்கன. காணலியே. அடுத்ததுல இடது கை மூட்டுல. அதையும் காணல. அதுக்கு அடுத்ததுல அடிமடிப்புல ரெண்டு, பக்கத்துல பக்கத்துல."

பன்னிரண்டு சட்டைக்கும் சொன்னார். ஸ்டிக்கர் இல்லை, குறிப்பு இல்லை. நெஞ்சிலிருந்து சொன்னார். அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, அழிப்பதற்கு முந்தைய படத்தைத் திறந்தேன். கழுத்துப் பட்டிக்கு இரண்டு விரற்கடைக்குக் கீழே இருந்தது. அடுத்ததைத் திறந்தேன். இடது கை மூட்டில் இருந்தது. மூன்றாவதில் அடிமடிப்பில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றும் கூர்மையாக, பஞ்சின் இழைகூடத் தெரியும்படி. சென்சார் அழுக்கு இப்படி இருக்காது, மங்கலாக வட்டமாக இருக்கும்.

லேப்டாப் என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் பார்த்தது அழித்த படத்தை மட்டும். இதை நான் திறந்தது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னண்ணே, இருக்கா?" என்று கேட்டார்.

உங்கள் குழுவில் எல்லாம் 'பிரஷரில் எப்படி முடிவெடுப்பது' என்று பேசுகிறீர்களே, கேளுங்கள். அந்த இடத்தில் என் மண்டையில் என்ன ஓடியது என்று அப்படியே சொல்கிறேன். துணி ஓடவில்லை, எஸ்தர் ஓடவில்லை. சாட்சிக்கு அனுப்பிய படத்தில் கை வைத்தவன் என்று பெயர் வந்தால் இந்த ஊரில் எந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடும் என்பது மட்டும்தான் ஓடியது. கேட்லாக்கில் அழித்தால் கெட்டிக்காரன். இந்த மாதிரிப் படத்தில் அழித்தால் அயோக்கியன். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை யார் நம்புவார்கள்?

"அது கேமரா தூசிம்மா. துணியில ஒண்ணும் இல்ல" என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். மேஜைக்குப் போய்த் தன் கத்தரியையும் சாப்பாட்டுக் கூடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பத்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏதோ மனசாட்சி பேசியது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுத ஆசைதான். பேசவில்லை. கீழே பெட்டி ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு பெட்டியும் லாரிப் பலகையில் விழும்போது ஒரு தொம். அந்தப் பெட்டிகள் போய்ச் சேரும் இடத்தில் எவளோ ஒரு தாய் பிரித்துப் பார்த்தால் புள்ளி தெரியத்தானே போகிறது, அப்போது திரும்பி வருமே, இந்தப் படத்தைத் தோண்டுவார்களே என்ற பயம் வந்தது. பயத்தில்தான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கம் வந்த பிறகு கால் கொஞ்சம் வேகமாகப் போனது.

முதலாளி லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "நான் அழிச்சுப்போட்டனுங்க. கேமரா தூசின்னு நெனச்சு அழிச்சுப்போட்டனுங்க. அந்தம்மா சொன்னதுதான் நெசம்."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெட்டியைக் கிழிக்கச் சொல்லி, ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இன்னொன்று. ஆறாவது சட்டையில் கிடைத்தது. நகத்தால் சுரண்டினார். வாயால் ஊதினார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஏனுங்க, துணியப் படம் எடுக்கச் சொன்னா, துணியத் தொவைச்சே குடுத்துப்போட்டீங்களே" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரும்பி, லாரியில் நின்றிருந்த பீகார்ப் பையன்களைப் பார்த்து, "ருக்கோ, ருக்கோ!" என்று கத்தினார். நிறுத்தச் சொல்ல அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். பெட்டிகள் இறங்க ஆரம்பித்தன. வாங்குகிறவர்களின் ஆபீஸுக்கு அவரே போன் போட்டு, படம் தப்பு, லாட் நாலு நாள் தள்ளும் என்று சொன்னார். தொலைத்துக் கட்டப் போகிறார்கள் என்று நான் நின்றேன். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயத்துக்குத்தான் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. முதலாளி போகிற இடத்திலெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். "தன்ர தப்ப தானே வந்து ஒத்துக்கிட்டாருங்க, இந்தக் காலத்துல அப்படி ஒரு ஆளு" என்று. அதைக் கேட்டு நாலு புதுக் கம்பெனிகள் என்னைக் கூப்பிட்டன. ரிட்டயர் ஆகும் வரை 'நேர்மையான ஆள்' என்றே பிழைப்பு ஓடியது. போன மாதம் நம் ஊர் ராயபுரத்தில் உங்கள் சங்கக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டபோதுகூட இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். கைதட்டினீர்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கதையில் ஒரு பத்து நிமிஷம் விட்டுப்போயிருக்கிறது, யாருக்கும் தெரியாது, தெரிந்த ஒரே ஆள் மேடையில் இல்லை.

அன்று முதலாளி என்னிடம், "அந்தம்மாளக் கூட்டியாங்க, போயிருக்க மாட்டாங்க" என்றார். ஓடினேன். கேட்டுக்கு வெளியே டவுன் பஸ் நிற்கிற இடத்தில் எஸ்தர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன். லாட்டை நிறுத்திவிட்டார்கள், நீங்கள் சொன்னதுதான் சரி, முதலாளியே கூப்பிடுகிறார், மேனேஜர் மன்னிப்புக் கேட்பார் என்று. மேனேஜர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை, ஒரு வேகத்தில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

எஸ்தர் கடைசிவரை கேட்டார்.

"எங்கிட்ட தூசின்னு சொன்னியள்லா, அப்பம் ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

துணியைப் பார்ப்பது போல முகத்தைப் பார்த்தே குறையைச் சொல்லிவிடக்கூடிய ஆளிடம் என்ன மறைப்பது? "தெரியும்மா" என்றேன்.

"மேனேஜர் சார் தெரியாம சொன்னாரு. அவருக்குக் காட்டுன படம் அப்படி. தெரியாம சொன்னதுக்கெல்லாம் கோவிச்சா திருப்பூர்ல ஒரு நாள் பொழைக்க முடியாது." கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க இனியும் இந்தக் கம்பெனிக்கு வருவிய. நான் புள்ளி இருக்குன்னு சொல்லுவேன், நீங்க படம் எடுப்பிய. எனக்கு ஆவாதுண்ணே."

பஸ் வந்தது. முன்படியில் ஏறினார். நான் அங்கேயே நின்றேன், கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.